தாங்கும் என்று சொன்னவள்

பசிப்பது அரசிக்கு, சாப்பிடுவது பவுலின். கோத்தகிரி ஓட்டப் பயிற்சி முகாமில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. தை மாதத்திலிருந்து இப்படித்தான் நடக்கிறது. காலையில் பவுலின் மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருப்பாள். சமையலறையில் முட்டையை வேகவைத்துக்கொண்டிருக்கும் அரசிக்குத் தொடை கனக்கும், மூச்சு வாங்கும், வயிறு கபகபவென்று எரியும். பவுலின் திரும்பி வந்து, கருப்பட்டி போட்ட கேப்பைக்கூழை மடக் மடக்கென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்தால், ஏப்பம் வருவது அரசிக்கு.

அரசியின் முழுப்பெயர் மங்கையர்க்கரசி. ஊர் உடன்குடி. நெடுந்தூரம் ஓடுகிற பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது, ஓடி முடித்த உடம்பை எப்படிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்று பார்த்துக்கொள்ளும் உணவு ஆலோசகர். நாற்பதைத் தாண்டியாயிற்று, கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "கேப்பை ஊறப்போட்டிருக்கேன், வாரேன்" என்று எழுந்து போய்விடுவாள்.

பவுலின் மணப்பாட்டுக்காரி. பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவள். இரண்டு ஊருக்கும் நடுவில் கொஞ்சம் செக்கச்சிவந்த தேரிமணலும் பனைமரங்களும்தான். முகாமுக்கு வந்த முதல் நாளே இரண்டு பேரும் பேச்சை வைத்து ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பவுலினுக்கு அரசி 'எக்கா', அரசிக்குப் பவுலின் 'ஏளா'. ஆகவே பவுலினின் பசியை யார் வாங்கிக்கொள்வது என்ற கேள்வி வந்தபோது, முகாமில் யாரும் இன்னொரு பெயரை யோசிக்கவில்லை.

பசியை இடம் மாற்றுகிற அந்தக் கருவியைப் பற்றிச் சென்னையில் ஒரு நாள் வகுப்பு எடுத்தார்கள். எடுத்தவர் டாக்டர் ஷாநவாஸ். அதைச் செய்தவர்களில் ஒருவர். சுற்றி வளைக்காமல் பேசக்கூடிய மனிதர்.

"மூளை ஒரு பயந்தாங்கொள்ளிம்மா" என்றார் பவுலினிடம். "உடம்புல இன்னும் சரக்கு இருக்கும்போதே, முடியல உக்காருன்னு கத்த ஆரம்பிச்சிடும். பிடரியில இந்தப் பொத்தானை ஒட்டினா அந்தக் கத்தல் உனக்குக் கேக்காது. களைப்பு, பசி, வலி எதுவும் தெரியாது. நிம்மதியா ஓடலாம், நிம்மதியா தூங்கலாம்."

"அப்ப அதெல்லாம் எங்க போவும் சார்?" என்று கேட்டாள் பவுலின்.

"அங்கதான் விஷயமே இருக்கு. மொதல்ல கம்ப்யூட்டருக்கு அனுப்பிப் பாத்தோம். திரையில செவப்பா எரியும். கோச்சுங்க அதைப் பாத்துட்டு, பரவால்ல, இன்னொரு ரவுண்டு போகட்டும்பாங்க. திரையைப் பாத்து எவனுக்கும் வயிறு காயறதில்ல. ரெண்டு பிள்ளைங்க செத்துப்போச்சு. அதுக்கப்புறம்தான் சட்டம் வந்துச்சு. ஒரு உடம்புலேர்ந்து பசியை எடுத்தா, அதை இன்னொரு மனுஷ உடம்புல வெச்சே ஆகணும். அந்த இன்னொருத்தர் மணிக்கட்டுல பட்டை கட்டிக்கணும். அவங்களுக்குப் பேர் ஏற்பாளர்."

ஏற்பாளர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர் அடுத்து ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து, பக்கத்துச் சமையலறையிலிருந்து சோறு அடிப்பிடிக்கிற வாடை வந்தது. அரசிக்கு இருப்புக்கொள்ளவில்லை. யார் வீட்டு அடுப்பாக இருந்தால் என்ன, அடிப்பிடிக்கிற சோற்றை விட்டுவிட்டு எப்படி உட்கார்ந்திருப்பது? எழுந்து போனாள். சமையல்காரரோடு ஒரு மூச்சு சண்டை போட்டு, மேல்சோற்றைப் பிரித்து வேறு பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் திரும்பினாள். அதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டாள். என்னென்ன சொன்னார் என்று பவுலினைக் கேட்டதற்கு, "வேளாவேளைக்குச் சாப்டணுமாம்க்கா. வெரதம் கிரதம் ஒண்ணும் கூடாதாம்" என்றாள். ஏன் கூடாது என்று அரசி கேட்கவில்லை. டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. நன்றாக என்றால், முகாமே மூக்கின்மேல் விரலை வைக்கும் அளவுக்கு. பவுலினின் நேரம் மாதத்துக்கு மாதம் குறைந்தது. ஓடி வந்து குளித்துவிட்டு, கட்டையைச் சாய்த்ததும் தூங்கினாள். அரசி அளவுகோல், தராசு எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டாள். எதிரில் உட்கார்ந்து பரிமாறுவாள். தன் வயிறு நிறைந்ததும் கரண்டியைக் கீழே வைப்பாள். அதைவிடக் கச்சிதமான கணக்கு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. பவுலின் சாப்பிடும்போது தானும் கூடவே கொஞ்சம் சாப்பிடுவது வழக்கமாயிற்று. ஓட்டக்காரியின் பசி, ஓடாத உடம்பு. ஆவணிக்குள் அரசியின் ரவிக்கைகளையெல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியதாகிவிட்டது.

தினமும் சாயங்காலம் செண்பகராமன் மாஸ்டர் சமையலறை வாசலில் வந்து நிற்பார். அவர்தான் பயிற்சியாளர். அதிகம் பேசாதவர். மறுநாள் என்ன ஓட்டம் என்று சொல்லிவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார். "தாங்குமா மேடம்?"

அரசி ஒரு நிமிடம் கண்ணை மூடித் தன் உடம்புக்குள் பார்ப்பாள். கால் எப்படி இருக்கிறது, வயிறு எப்படி இருக்கிறது, உடம்பு கெஞ்சுகிறதா மிஞ்சுகிறதா. பிறகு "தாங்கும் மாஸ்டர்" என்பாள். சில நாள் "வேண்டாம் மாஸ்டர், நாளைக்குப் படுக்கட்டும்" என்பாள். அவர் மறுபேச்சு பேசமாட்டார். பொத்தானும் பட்டையும் இருக்கிற முகாமில் கடைசி வார்த்தை பட்டை கட்டியவருடையது. சட்டம் அப்படி.

ஐப்பசி வந்தது. ஆசியப் போட்டிக்கான தகுதி ஓட்டம் மார்கழியில். அதற்கு முன்னோட்டமாக முகாமிலேயே நேரம் பார்க்கும் ஓட்டம் ஒன்றை மாஸ்டர் வைத்திருந்தார். அது சூரசம்ஹாரத்தன்று வந்து விழுந்தது.

பதினைந்து வயதிலிருந்து அரசி கந்தசஷ்டி விரதத்தைத் தவறவிட்டதில்லை. சாயங்காலம் ஒரு டம்ளர் பால், ஒரு பழம், அவ்வளவுதான். ஊரிலுள்ள பிள்ளைகளையெல்லாம் சாப்பிடு சாப்பிடு என்று விரட்டுகிற பெண்மணி, ஆறு நாள் தான் மட்டும் பட்டினி கிடப்பதில் உள்ள வேடிக்கை அவளுக்கும் தெரியும். அதனாலேயே யாரிடமும் சொல்லாமல் இருப்பாள். இந்த வருடம் விட்டுவிடலாமா என்று இரண்டு மனதாக இருந்தது. கையில் பட்டை, கையெழுத்துப் போட்ட காகிதம். ஆனால் பவுலின் ஜெயிக்க வேண்டும் என்று ஆடி மாதமே செந்தூரில் வேண்டிக்கொண்டாயிற்று. அந்தப் பிள்ளைக்காக வேண்டியதை அந்தப் பிள்ளைக்காகவே விடுவது எப்படி என்று நினைத்தாள். டாக்டருக்குத் தெரியவா போகிறது என்றும் நினைத்தாள்.

முதல் நாள் பசியே எடுக்கவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீரில் இருந்தும் வயிறு பூரணமாக இருந்தது. இது அருளன்றி வேறென்ன என்று அரசி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

விரத நாட்களில் முட்டை வாடையும் கோழி வாடையும் ஆகாது. ஆகவே அந்த வாரம் அவள் சாப்பாட்டுக் கூடத்தில் பவுலினுக்கு எதிரில் உட்காரவில்லை. வழக்கமான அளவைத் தூக்குச்சட்டியில் போட்டு, சமையலுக்கு உதவியாக இருந்த ருக்குமணியிடம் கொடுத்து அறைக்கு அனுப்பிவிடுவாள். ஏன் என்று கேட்ட அவளிடம் மட்டும் விரதத்தையும் வேண்டுதலையும் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு குளித்து, தன் அறையில் முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் பசி பிடித்துக்கொண்டது. பவுலினின் சாப்பாட்டு நேரம் வந்தது, போயிற்று, பசி போகவில்லை. அரசி யோசித்துப் பார்த்தாள். பவுலின் சாப்பிட்டிருப்பாள், அவளுடைய பசி அடங்கியிருக்கும், ஆகவே மிச்சமிருப்பது என்னுடையது. நியாயமான கணக்காகத்தான் பட்டது.

ஒவ்வொரு வருடமும் மூன்றாம் நாளோடு பசி மரத்துப்போகும். உடம்பு காற்றாகிவிடும். இந்த வருடம் அப்படி ஆகவில்லை. மூன்றாம் நாள் குடலைச் சுருட்டியது. நான்காம் நாள் நடக்கும்போது கண் இருட்டியது, வலது முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஒரு வலி குடைந்தது. அறைக்குள்ளேயே அடிப்பிரதட்சணம் செய்ததில் வந்த வலி என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டாள். முருகன் சோதிக்கிறான், கேட்டது பெரியதாயிற்றே, விலையும் பெரியதாகத்தான் இருக்கும் என்று தேற்றிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் அதில் ஒரு பெருமைகூட இருந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு விரதத்தை அவள் இருந்ததில்லை.

அந்த வாரம் மாஸ்டர் காலையில் ஓட்டத்தை இரட்டிப்பாக்கியிருந்தார். ஒவ்வொரு சாயங்காலமும் வாசலில் வந்து நின்றார். ஒவ்வொரு சாயங்காலமும் அரசி "தாங்கும் மாஸ்டர்" என்றாள்.

ஐந்தாம் நாள் அவர் கேட்டபோது பதில் உடனே வரவில்லை. கண்ணை மூடினாள். உள்ளே ஒரே பசியும் களைப்புமாக இருந்தது. இதில் எது யாருடையது? ஒருவேளை இதெல்லாம் பவுலினுடையதாக இருந்தால்? அந்த எண்ணம் வந்தது. வராமல் இல்லை. தெளிவாகவே வந்தது. ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் அடுத்தாற்போல விரதத்தைச் சொல்ல வேண்டும், விரதத்தைச் சொன்னால் பட்டையைக் கழற்றிவிடுவார்கள், மறுநாள் ஓட்டம் நடக்காது. ஒரு நாள்தானே, நாளை மறுநாள் விரதம் முடிந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும்.

"என்ன மேடம்? தாங்குமா?"

"தாங்கும் மாஸ்டர்" என்றாள் அரசி.

மறுநாள் காலை அவள் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி உட்கார்ந்திருந்தாள். மைதானத்திலிருந்து விசில் சத்தம் கேட்டது. கால் இரண்டும் மரக்கட்டை ஆயின, மூச்சு முட்டியது, பழகியதுதான் என்று கண்ணை மூடி இருந்தாள். அப்போது வலது காலில் ஏதோ முறிந்தது. அவள் கால் முறியவில்லை. உட்கார்ந்த இடத்தில் எப்படி முறியும்? ஆனால் அலறிய அலறலில் ருக்குமணி கரண்டியோடு ஓடிவந்தாள். அரசி அவளைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். ஓடினாள் என்பதும் சரியில்லை. ஒற்றைக் காலால் சுவரைப் பிடித்து, வேலியைப் பிடித்து, தவழாத குறையாக மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

பவுலின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள். முகத்தில் வியர்வையைத் தவிர ஒன்றுமில்லை. வலது கால் மட்டும் தரையில் படும்போதெல்லாம் வேறு யாருடைய காலோ போல மடங்கியது. அரசி கையை ஆட்டி, நிறுத்து நிறுத்து என்று கத்தினாள். எக்கா உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்துப் பவுலின் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையை ஆட்டினாள். முறிந்த காலோடு அந்தப் பிள்ளை முக்கால் சுற்று ஓடினாள். ஒவ்வொரு அடியும் அரசிக்கு விழுந்தது. மாஸ்டர் குறுக்கே பாய்ந்து பிடித்து நிறுத்தியபோது, "என்ன மாஸ்டர், நேரம் நல்லா வந்துட்டிருக்குல்லா?" என்று கேட்டாளாம்.

எலும்பில் முன்பே மயிரிழை விரிசல் ஒன்று இருந்திருக்கிறது என்றார்கள் மருத்துவமனையில். சாப்பாடும் ஓய்வும் இருந்திருந்தால் தானாகக் கூடியிருக்கும். அது இல்லாமல் இரட்டை ஓட்டம். உடம்பு பல நாள் பட்டினி கிடந்ததுபோல் இருக்கிறதே, இந்தப் பிள்ளைக்கு யாருமே சோறு போடவில்லையா என்று எலும்பு டாக்டர் கேட்டார். அரசி பக்கத்தில்தான் நின்றாள்.

அதற்கான பதில் காவலாளி மூலம் வந்தது. விடுதிக்குப் பின்னால் திரியும் நாய் ஒரே வாரத்தில் கொழுத்துவிட்டதாம். பவுலின் தூக்குச்சட்டியோடு பின்பக்கம் போவதை அவர் பார்த்திருக்கிறார். முட்டை, கோழி, கூழ் எல்லாம் நாய்க்குப் போயிருக்கிறது. அரசிக்கு அதைக் கேட்டு ஆத்திரம்தான் முதலில் வந்தது. ஏன் இப்படிச் செய்தாள் என்று அவளால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. ஆனால் ஆத்திரத்துக்கு அடியில் ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது. தப்பு தன்னுடையது மட்டுமல்ல. அந்த ஆறுதலுக்காக அவள் பிற்பாடு தன்னையே வெறுத்தாள்.

பவுலினின் கால் கட்டுப் போட்டுக் கொஞ்சம் தேறியதும் சென்னையில் விசாரணை வைத்தார்கள். அதுவரை பொத்தானைக் கழற்றவில்லை, காலின் வலி பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று. ஆகவே அந்த வலியும் அரசியிடமே இருந்தது. ராத்திரியும் பகலும் அது அவளோடு இருந்தது. அதை அவள் ஆசையோடு வைத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். மாத்திரை கொடுத்தபோது வேண்டாம் என்றுவிட்டாள்.

விசாரணை அறையில் நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். தலைவர் நரைத்த மனிதர், பண்பாகப் பேசினார். சாப்பாட்டை ஏன் நாய்க்குப் போட்டாய் என்று பவுலினிடம் கேட்டார்.

ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு பவுலின் தலைகுனிந்தாள். "பசிக்கல சார். பசியே தெரியாததுனால திங்கச் சலிப்பா இருந்துச்சு. என் தப்புதான்."

"யாரும் உன்னைக் கவனிக்கலையா?"

"கவனிச்சாங்க சார். நான்தான் ஒளிச்சிச் செஞ்சேன்."

பிறகு தலைவர் அரசியின் பக்கம் திரும்பினார். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ரயிலில் வரும்போதே அவள் முடிவு செய்திருந்தாள். வாக்கியங்களைக்கூட அடுக்கி வைத்திருந்தாள். "பட்டையில ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" என்று அவர் கேட்டார்.

"வழக்கத்தைவிடக் கொஞ்சம் பசி இருந்துச்சு சார்" என்று விழுந்தது அரசியின் காதில், அவளுடைய குரலிலேயே. "ஓட்டம் கூடினதால இருக்கும்னு நெனச்சேன்."

அவர் தலையசைத்தார். அவ்வளவுதான் விசாரணை. ஒழுங்கீனம் என்று முடிவு செய்தார்கள். இரண்டு வருடம் பவுலின் எந்தப் போட்டியிலும் ஓடக்கூடாது, முகாமிலும் இடமில்லை. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கையெழுத்தாகிவிடும், நீங்கள் போய்ப் பொத்தானைக் கழற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். கூட வந்திருந்த மாஸ்டர் அரசியின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார். அவர் எதையோ ஊகித்திருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

டாக்டர் ஷாநவாஸின் அறை அதே தளத்தில் கடைசியில் இருந்தது. அவர் வருவதற்கு நேரமிருந்தது. வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அரசிதான் தாங்கமாட்டாமல் ஆரம்பித்தாள்.

"ஏளா, எங்கிட்டயாவது உள்ளதச் சொல்லு. எதுக்கு அப்படிச் செஞ்ச?"

பவுலின் ஊன்றுகோலின் ரப்பரை நகத்தால் சுரண்டினாள். "நீங்க எனக்காகப் பட்டினி கெடக்கீயன்னு ருக்குமணியக்கா சொன்னாவ. ரெண்டாம் நாளு. எங்கம்மா தவக்காலத்துல ஒருசந்தி இருப்பா, நாங்களும் இருப்போம். ஒருத்தர் பட்டினி கெடக்கும்போது மத்தவங்க மூக்குமுட்டத் திங்க மாட்டோம்க்கா. அதான் நானும் இருந்தேன். உங்கள மாரியே சாயங்காலம் பாலும் பழமும். எனக்குத்தான் பசி தெரியாதே. சும்மா இருக்குறதுல என்ன கஷ்டம்னு நெனச்சேன்."

அரசி அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். "இத ஏன் அங்க சொல்லல?"

"சொன்னா உங்க வெரதத்தையும் சொல்லணும்லா. வேலை போயிரும்லாக்கா. எனக்கு ரெண்டு வருசந்தான. காலு கூடவே ஒரு வருசம் ஆவும்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் தியாகம் செய்கிற பாவனை எதுவும் இல்லை. பஸ்ஸில் இடம் கொடுப்பதுபோல் சொன்னாள். அரசிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. கையை நீட்டிப் பிள்ளையின் கையைப் பிடிக்கக்கூடக் கூசியது. ஒரே ஒரு கொம்பு மட்டும் பிடித்துக்கொள்ள மிச்சமிருந்தது. நானும் பட்டினி கிடந்தேன். அவளுடைய பசியோடு என்னுடையதும் சேர்ந்துதான் என்னைக் குழப்பியது. நான் ஒன்றும் சொகுசாக உட்கார்ந்து ஏமாற்றவில்லை. முருகனுக்கு நான் கொடுத்ததில் என் பங்கும் உண்டு.

டாக்டர் வந்தார். அரசியின் மணிக்கட்டிலிருந்து முதலில் பட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். அவர் குனிந்திருக்கும்போது அரசி மெதுவாகக் கேட்டாள். யாரையோ பற்றி விசாரிப்பதுபோலக் கேட்டாள்.

"டாக்டர், ஏற்பாளர் விரதம் இருக்கக் கூடாதுன்னீங்கல்ல? ரெண்டு பேர் பசியும் கலந்து குழப்பிடும்னுதானே?"

"கலக்காது மேடம்" என்றார் அவர், நிமிராமல். "கலந்தா எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்? அதனாலதான் பட்டை கட்டின அன்னிக்கே உங்களோட பசி, களைப்பு எல்லாத்தையும் அது அமத்திடும். உங்களுக்குத் தெரியறது முழுக்க முழுக்க ஓடறவங்களோடது. விரதம் ஏன் கூடாதுன்னா, உங்க உடம்பு காஞ்சாலும் உங்களுக்குத் தெரியாது. நீங்க பாட்டுக்கு மயங்கி விழுந்துடுவீங்க. இதெல்லாம் வகுப்புலயே சொன்னேனே. நீங்க அப்ப இல்லையோ?"

அரசி இல்லை. அரசி அப்போது யாரோ ஒருவருடைய அடிப்பிடித்த சோற்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் ஒவ்வொரு நாளாகத் திரும்பிப் பார்த்தாள். முதல் நாள் பசியே இல்லை. பவுலின் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டிருந்தாள். இரண்டாம் நாள் பிடித்த பசி, மூன்றாம் நாள் குடலைச் சுருட்டியது, நான்காம் நாள் கண்ணை இருட்டியது, கால் எலும்புக்குள் குடைந்தது. அவ்வளவும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அந்தப் பிள்ளையுடையது. விளக்கேற்றி வைத்து, இத்தனை வருடத்தில் இப்படி ஒரு விரதம் இருந்ததில்லை என்று தான் பெருமையோடு படைத்தது பவுலினின் பசியை. பவுலினுக்காகவே படைத்தாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் கண்ணை மூடியபோது உள்ளே கெஞ்சியது வேறு யாருமில்லை. அது கெஞ்சக் கெஞ்சத்தான் அவள் தாங்கும் என்று சொன்னாள்.

பட்டை கழன்று வந்தது. காலில் குடைந்துகொண்டிருந்த வலி சட்டென்று நின்றது. அரசி தன்னையறியாமல் "ஐயோ" என்றாள். அது போனதில் நிம்மதி இல்லை. கைப்பொருளைப் பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

டாக்டர் பவுலினின் பிடரியில் ஏதோ தடவி, பொத்தானை மெல்ல உரித்தெடுத்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு பவுலினின் முகம் கோணியது, உதட்டைக் கடித்துக்கொண்டு ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்தாள். கண்ணிலிருந்து தாரைதாரையாக ஊற்றியது. இவ்வளவு வலியையா இத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்பதுபோல அரசியை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. அரசியால் அதை மட்டும் பார்க்க முடியவில்லை.

சற்றுப் பொறுத்து, "எக்கா, பசிக்குது" என்றாள் பவுலின். சொல்லிவிட்டு அழுகைக்கு நடுவே அவளே சிரித்தாள். தை மாதத்துக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது அதுதான் முதல் தடவை.

அரசி பையைத் துழாவினாள். ரயிலுக்கென்று எடுத்து வந்த பன்னும் வாழைப்பழமும் கடலைமிட்டாயும் இருந்தன. வெளியே பெஞ்சில் அவளை உட்காரவைத்து, பன்னைப் பிட்டுக் கையில் கொடுத்தாள். எல்லாவற்றையும் தின்று முடிக்கும்வரை இங்கேயே இரு, நான் இப்போது வருகிறேன் என்றாள். எங்கே போகிறீர்கள் என்று பவுலின் கேட்டாள். ஒன்றை மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

விசாரணை அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஐந்து பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போடும் வேலை இன்னும் நடக்கவில்லை போலிருந்தது. கதவில் கை வைத்தபோது அவளுக்கு வயிற்றைக் கிள்ளியது. நல்ல பசி. பழக்கதோஷத்தில் அரசி சட்டென்று திரும்பி, நடைபாதையின் கடைசியில் இருந்த பெஞ்சைப் பார்த்தாள். பவுலின் கன்னம் உப்ப மென்றுகொண்டிருந்தாள். மடியில் பாதிப் பழம் உரித்தபடி இருந்தது.

அப்படியானால் இது தன்னுடையதுதான். தை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவளுக்கே பசித்தது. அடையாளம் தெரியவே ஒரு நிமிடம் ஆயிற்று.

தலைவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்னம்மா, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"ஆமா சார்" என்றாள் அரசி. "சஷ்டிக்கு நான் விரதம் இருந்தேன். அதைச் சொல்லாம விட்டுட்டேன்."

அவர் எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள்.